வெள்ளத்துரை மகளின் ஒன்பதாம் வகுப்பு

டிசி வாங்க விண்ணப்பம் வேண்டும் என்று என் கடைக்கு யார் வந்தாலும், "எதுக்கு டிசி? எந்த ஸ்கூலுக்கு மாத்துதிய? யாரு சொன்னா?" என்று மூன்று கேள்வி கேட்காமல் நான் கீபோர்டில் கை வைப்பதில்லை. சில பேருக்கு முகம் சுண்டிப்போகிறது. "லெட்டர் அடிக்கத்தானே துட்டு வாங்குதிய, அதோட நிப்பாட்டிக்கிடுங்க" என்று போன வாரம் ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். சொல்லட்டும். ஹாலிதாவுக்கு வாய் நீளம் என்று சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கும் தெரிந்துவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு நாள் நான் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டேன். அதற்குப் பிறகு ஒரு குடும்பம் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அந்தக் குடும்பத்துத் தலைவர் பெயர் வெள்ளத்துரை. பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறவர். பனவடலிசத்திரம், இளையரசனேந்தல் பக்கமிருந்து விவசாயிகள் கொண்டுவரும் மல்லி, பிச்சி, கேந்தி எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் வியாபாரிக்குப் போகும். இருபது வருஷமாக அதே கடை, அதே வேலை. தராசில் அவர் விரல் தவறியும் பட்டதில்லை என்று மார்க்கெட்டில் எல்லோரும் சொல்வார்கள். வெள்ளத்துரை எடை என்றால் யாரும் மறு எடை கேட்பதில்லை.

மார்க்கெட்டில் நேரம்தான் எல்லாம். ஆறு மணிக்கு வந்து இறங்கும் மல்லிக்கு ஒரு விலை. அதே தோட்டத்து மல்லி எட்டு மணிக்கு வந்தால் மொட்டு விரிய ஆரம்பித்திருக்கும், விலை பாதியாகியிருக்கும். பஸ் பிரேக்டவுன் ஆகிப் பூவோடு ஓடிவந்து அழுத விவசாயிகள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். அதனால் அந்த மனுஷனுக்கு எதையும் முன்கூட்டியே செய்துவிட வேண்டும். தீபாவளிக்குத் துணி ஆடியிலேயே எடுத்துவிடுவார். ரேஷன் கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பார். அவர் மனைவி வள்ளித்தாய் இதை வைத்து அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. விசைத்தறிக்குத் தார் சுற்றுகிறவள் அவள், வீட்டு வாசல் பக்கம் மெஷினில் உட்கார்ந்து கண்டில் இருந்து நூலைக் குழலில் சுற்றிக்கொண்டே, "இந்த மனுசன் பொறக்கும்போதே நாலு நாள் முந்திப் பொறந்திருப்பாவ" என்பாள்.

ஒரே மகள் வேல்விழி. என் கடைக்கு எதிரே இருக்கும் அரசு பெண்கள் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. அவள் தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தாலும் அட்டையோடு அவளிடம்தான் வருவார்கள். எது சுகருக்கு, எது பிரஷருக்கு, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று படித்துச் சொல்லி, அட்டையின் பின்னால் பேனாவால் காலை, ராத்திரி என்று எழுதிக் கொடுப்பாள். பன்னிரண்டு வயசிலேயே தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். கேலியாக ஆரம்பித்த பேர்தான். வெள்ளத்துரை அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டாம் வகுப்பு முடிந்த அந்த ஜூன் மாதத்தில் அவர் என் கடைக்கு வந்தார்.

பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் என்றால் என் கடையில் நிற்க இடமிருக்காது. வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரில் பேர் திருத்தம், எல்லாம் அந்த ஒரு வாரத்தில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் கடையநல்லூரில் பிறந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டவள். பதினோரு வருஷமாக இந்தக் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறேன். கூட்டத்தில் எனக்குக் கோபம் சட்டென்று வரும். வெள்ளத்துரை ஈரத்துண்டும் மல்லி வாசனையுமாக ஓரத்தில் நின்றார். முறை வந்ததும், "தங்கச்சி, டிசி கேட்டு ஒரு லெட்டர் அடிக்கணும்" என்றார். அடித்தேன். 'தனியார் பள்ளியில் சேர்க்க இருப்பதால்' என்று அவர் சொல்லச் சொல்ல நானேதான் அடித்தேன். இருபது ரூபாய் வாங்கினேன்.

லெட்டரை மடித்துப் பையில் வைத்தவர் நகரவில்லை.

"தங்கச்சி, ஒரு சந்தேகம் கேக்கணும். கொஞ்சம் தனியா."

"அண்ணாச்சி, கூட்டத்தப் பாக்கியல்லா? நாளைக்கு வாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்வதும் முழு உண்மையில்லை. அந்த லெட்டரை அடிக்கும்போதே என் மனசில் ஒன்று தைத்தது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பில் ஏழரை சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. வருஷா வருஷம் அந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறவள் நான். இந்தப் பிள்ளையை ஏன் வெளியே எடுக்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது, பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள், நினைப்பும் போய்விட்டது. ஆனால் நினைத்தேன். அல்லா பேரில் சொல்கிறேன், நினைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து நவம்பரில் ஒரு மத்தியான நேரம், கடையில் ஆளில்லாதபோது, அவர் மறுபடி வந்தார். முகத்தில் சந்தோஷம். வேல்விழி இப்போது ஊருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில், மஞ்சள் வேனில் போய் வருகிறாள். அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நீட் பரீட்சைக்கு பவுண்டேஷன் வகுப்பு நடத்துகிறார்கள். முதல் மாதம் இங்கிலீஷில் தடுமாறினாள், இப்போது வகுப்பில் நாலாவது இடம். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, ப்ளஸ் ஒன்னுக்குப் பிள்ளைய திரும்ப கவர்மெண்ட் ஸ்கூலுக்குக் கொண்டாரணும்னா என்னென்ன பேப்பர் வேணும்?"

"அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கே அண்ணாச்சி."

"இப்பமே ரெடி பண்ணி வச்சுக்கிட்டா நல்லதுல்லா." குரலைத் தாழ்த்தினார். "ஒன்பதும் பத்தும் அங்கன. பவுண்டேஷன் அங்கனதான் நல்லாப் போடுதாவ. பதினொன்னும் பன்னெண்டும் இங்கன. கவர்மெண்ட் ஸ்கூல்ல பன்னெண்டு முடிச்சா ஏழரை உண்டுன்னு பனவடலில ஒரு பூக்காரரு சொன்னாரு, அவருக்கு வேண்டப்பட்ட பிள்ளைக்கு அப்படித்தான் கெடைச்சிருக்கு. படிப்புக்குப் படிப்பும் ஆச்சு, ஏழரைக்கு ஏழரையும் ஆச்சு. யாருட்டயும் சொல்லிராதிய. சொன்னா நாலு பேரு இதையே செய்வான்."

போன வருஷத்து விண்ணப்பம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். அதில் ஒரு பக்கத்தில் ஏழு வரி இருக்கும். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டு, ஒன்பது என்று பன்னிரண்டு வரை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தப் பள்ளி, அரசுப் பள்ளிதானா என்று எழுத வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும்.

"பன்னெண்டு மட்டும் பத்தாது அண்ணாச்சி. ஆறுலேர்ந்து ஏழு வருசமும் இங்கனதான் படிச்சிருக்கணும்."

திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தார். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதில் விரல் நின்றது.

"இந்த ஒரு வரிதானே தங்கச்சி."

"ஒரு வரி போனாலும் போச்சு அண்ணாச்சி."

குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதியை மேலே சிந்திக்கொண்டு குடித்தார். ஜூன் மாதம் கேட்க வந்த சந்தேகம் இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறந்திருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

மறுநாள் காலையில் மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடித்தபோது வேல்விழி யூனிபார்ம் போட்டு ரெட்டைச் சடை பின்னி நின்றிருக்கிறாள். வெள்ளத்துரை வேனைப் போகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வள்ளித்தாய் போட்ட சத்தத்தைத் தெருவே கேட்டதாம். "நல்லாப் படிச்ச பிள்ளைய நல்ல எடத்துலேர்ந்து பிடுங்கி நட்டியளே, இப்பம் அங்கனயும் இல்லாம இங்கனயும் இல்லாம நடுத்தெருவுல நிக்கா. யாருட்டயாவது ஒரு வார்த்த கேட்டியளா?" என்று கேட்டாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைத்தான் பார்த்தாள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு அலைச்சல். பழைய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையிடம் நானும் கூடப் போனேன். நல்ல அம்மா. "பிள்ளைய நான் இன்னைக்கே சேத்துக்கிடுதேன். ஆனா ஒன்பதாம் வகுப்புக்கு ரெண்டு ஸ்கூல் பேரு வரும். அத வச்சுக்கிட்டு ஏழரைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?" என்றார்கள். பிறகு தென்காசிக்குப் போனோம். கல்வி அலுவலகத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு ஒருவர் எங்களைக் கூப்பிட்டு விஷயத்தைக் கேட்டார். பொறுமையான மனிதர், குற்றம் சொல்ல முடியாது.

"முழு வருசமும் அரசுப் பள்ளியில படிச்சாத்தான் அந்த வரி நிக்கும்" என்றார்.

"அப்ப இந்த வருசத்தப் பாதியில விட்டுட்டு, அடுத்த ஜூன்ல திரும்ப ஒன்பதாங்கிளாஸே மொதல்லேர்ந்து படிச்சா?" என்று கேட்டார் வெள்ளத்துரை. வழியெல்லாம் பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்த மனிதர் நெற்றியைத் தேய்த்தார். "இது வரைக்கும் யாரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்லை. நிக்கலாம். நிக்காமலும் போகலாம். எழுத்துல குடுன்னா நான் குடுக்க மாட்டேன்."

நிற்கலாம் என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் வெள்ளத்துரை. திரும்பி வரும் பஸ்ஸில், "நிக்கும் தங்கச்சி. பாதியில நின்ன வருசம் ஒரு வருசமா என்ன? இப்பம் டிசி வாங்கினா நவம்பர்லன்னு தேதி விழுந்துரும். வாங்காம சும்மா இருப்போம். ரொம்ப நாளா வரலைன்னு அவங்களே பேர எடுத்துருவாவ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு எங்கே இருக்கிறது? "பாப்போம் அண்ணாச்சி" என்றேன்.

வேல்விழி வீட்டிலிருந்தாள். நவம்பரிலிருந்து மே முடிய. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றினாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பழைய தோழிகள் அந்த வழியாக வரும் நேரத்தில் உள்ளே போய்விடுவாள். அவள் அப்பாவிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாளாம்.

"எப்பா, எங்கூடப் படிச்சவளுவ எல்லாம் பத்தாப்புக்குப் போயிருவாளுவளே. நான் மட்டும் சின்னப் பிள்ளையளோட உக்காரணுமா?"

"ஒரு வருசந்தானே மக்கா."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தெரு கேட்டது. வயசுக்கு வந்த பிள்ளையைத் திடீரென்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்தால் ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேன் டிரைவரைச் சேர்த்துப் பேசினார்கள். வள்ளித்தாய் அப்படிப் பேசிய ஒருத்தியின் வீட்டு வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தாள். பேச்சு ஒன்றும் நிற்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் இருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெரியம்மா மாத்திரை அட்டையோடு வந்து, "டாக்டரம்மா, இது எப்பம் போடணும்னு பாரு" என்றாள். வேல்விழி தார் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்குத் தெரியாது" என்றாள். பெரியம்மா அட்டையை மடியில் செருகிக்கொண்டு போனாள். வள்ளித்தாய் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

வெள்ளத்துரை வாரம் ஒரு தடவை என் கடைக்கு வருவார். "சட்டம் ஏதும் மாறியிருக்கா தங்கச்சி?" என்று கேட்பார். இல்லை என்று தெரிந்தே அவர் முன்னால் இணையதளத்தைத் திறந்து மேலிருந்து கீழ் வரை காட்டுவேன். மார்க்கெட்டில் ஒரு நாள் பன்னிரண்டு கிலோ மல்லியை இருபத்திரண்டு என்று சத்தமாகச் சொல்லிவிட்டாராம். அவர் எடையை முதல்முறையாகத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது என்று சொன்னார்.

ஏப்ரலில் வந்தபோது கடைக்குள் வந்து கதவைப் பாதி சாத்தினார். கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒன்பதாங்கிளாஸும் இங்கனயே படிச்சான்னு ஒரு பேப்பர் நீங்களே அடிச்சுத் தந்திருங்களேன். சீலும் கெடைக்குமாம், ஒருத்தன் சொன்னான்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. "அண்ணாச்சி, ஒரு கிராமுக்குக்கூட தராசுல கை வைக்காத மனுசன் நீங்க. பூவுல தண்ணி தெளிச்சு எடை கூட்டுறவன ஓட ஓட வெரட்டுன ஆளு. ஒங்க வாயிலேர்ந்தா இது வருது? மாட்டுனா பிள்ளை எங்கயும் படிக்க முடியாது, தெரியுமா?" என்று கத்தினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் கேக்கலைன்னு நெனச்சுக்கிடுங்க தாயி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் அவரைத் திட்டிய திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது. அது அவருக்குத் தெரியாது.

ஜூன் பிறந்தது. பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள் வெள்ளத்துரையும் வேல்விழியும் அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போய் டிசி வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்கள். அன்றைக்கும் கூட்டம். அவர்களைப் பார்த்ததும் முன்னால் நின்றவர்களை விலக்கி உள்ளே கூப்பிட்டேன். பிள்ளை அரசுப் பள்ளி யூனிபார்மிலேயே வந்திருந்தாள். எட்டாம் வகுப்பில் தைத்தது, கை மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. ஜெராக்ஸ் எடுக்க டிசியை மெஷின் கண்ணாடியில் வைக்கப் போனவள், பழக்கத்தில் ஒரு தடவை படித்தேன்.

பள்ளியை விட்டு நீங்கும்போது படித்த வகுப்பு: ஒன்பது. மேல் வகுப்புக்கு உயர்வு பெற்றாரா: ஆம், பத்தாம் வகுப்புக்கு.

பேர் எடுக்கவில்லை. பாதியில் நின்றதாகவும் எழுதவில்லை. ஆறு மாதம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பிள்ளையை ஒன்பதாம் வகுப்பு முழுதாக அங்கே படித்து முடித்தவள் என்று போட்டிருந்தார்கள்.

"யா அல்லா" என்றேன்.

"என்ன தங்கச்சி?" வெள்ளத்துரை எட்டிப் பார்த்தார். அவருக்கு முன்னால் வேல்விழி படித்துவிட்டாள்.

கடையை அப்படியே போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து மூன்று பேரும் திரும்பவும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனோம். தாளாளர் எங்களை உட்காரச் சொன்னார். நாங்கள் நன்றி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். "வீட்டுல என்ன கஷ்டமோ, பிள்ளை வரலை. நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாப் போயிரக் கூடாதுன்னு நாந்தான் பாஸ் போடச் சொன்னேன். நம்ம ஸ்கூல்லயும் பாதியில நின்ன பிள்ளைன்னு ஒரு கணக்கு வராதுல்ல" என்று சிரித்தார். மாற்றித் தாருங்கள் என்று நான் எழுந்து நின்று கேட்டேன். அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, பத்தாம் வகுப்பு என்று வந்துவிட்டது, இனித் தன் கையில் இல்லை என்றார். நான் போட்ட சத்தத்தில் ஆபீஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளத்துரை சத்தம் போடவில்லை. கிளம்பும்போது பழக்கதோஷத்தில் அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

கடைக்கு எதிரே இருக்கும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியையும் அதையேதான் சொன்னார்கள். பத்தாம் வகுப்புக்குப் போன பிள்ளையை ஒன்பதில் உட்கார வைக்க வழியில்லை. பத்தில் சேர்த்துக்கொள்கிறேன், நாளைக்கு விண்ணப்பத்தோடு வரச் சொல்லுங்கள் என்றார்கள். ஏழரையைப் பற்றி யாரும் பேசவில்லை. எட்டாம் வகுப்பு வரை கையில் இருந்த ஒன்று, நன்றாக இருக்கட்டும் என்று முந்திக்கொண்டு ஓடியதில் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பாடமும் போய்விட்டது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். வெள்ளத்துரை சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். வேல்விழி என் பக்கத்தில் வந்தாள். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அக்கா, ஏழரை இல்லாம சீட் கிடைக்கணும்னா எத்தனை மார்க் வேணும்?"

போன வருஷத்துக் கணக்கை உள்ளபடி சொன்னேன். ஏழரைக்கும் அதற்கும் உள்ள தூரத்தையும் மறைக்காமல் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அந்த எண்ணை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "அது நம்மளால முடியாதுக்கா" என்றாள். நான் முடியும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு சாயங்காலம் அவர் மட்டும் தனியாகக் கடைக்கு வந்தார். கூட்டம் குறைந்திருந்தது. பத்தாம் வகுப்பில் சேர்க்க விண்ணப்பம் அடிக்க வேண்டும் என்றார். அடிக்க ஆரம்பித்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, போன ஜூன்ல டிசி லெட்டர் அடிக்க வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

என் கை நின்றுவிட்டது.

"லெட்டர் அடிச்சு முடிச்ச பெறவு ஒரு சந்தேகம் கேக்கணும்னு சொன்னேன். இதத்தான் கேக்க வந்தேன். நாளைக்கு வாங்கன்னு சொன்னிய. மறுநாள் பெரிய முகூர்த்தம். மார்க்கெட்ட விட்டு நகர முடியல. அதுக்கு அடுத்த நாள் வந்திருக்கலாம். நமக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு விட்டுட்டேன். வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா எம்பிள்ளைக்கு இந்தக் கதி வந்திருக்காது. எல்லாத்துக்கும் முந்திப் போவேன், ஒங்ககிட்ட வாரதுக்கு மட்டும் பிந்திட்டேன் பாத்தியளா." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு?"

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஈரத்துண்டு, மல்லி வாசனை, பிரிண்டரில் சிக்கிய பேப்பர், அந்த லெட்டரை அடிக்கும்போது மனசில் வந்துபோன அந்த ஒரு நினைப்பு. ஊரே அறிந்த என் வாய் நீளம் அப்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஞாபகம் இல்லையே அண்ணாச்சி" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படி இருக்கும்? தெனமும் எத்தனை பேரு வாராவ" என்றார்.

விண்ணப்பத்தை அடித்து முடித்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். வாங்கிக் கல்லாவில் போட்டேன்.